திரும்பத் திரும்ப கருச்சிதைவு... யார் மேல தப்பு? எந்தப் பரிசோதனை தேவை, எது தேவையில்லை?

முதல் தடவை கரு கலைந்தால், ‘இதெல்லாம் சகஜம், அடுத்தது நல்லபடியா தங்கும்’ என்பார்கள். இரண்டாவது தடவை, ‘ஸ்கூட்டியில போகாதன்னு அப்பவே சொன்னேன்ல’ என்று பேச்சு மாறும். மூன்றாவது தடவை ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகுது?’ என்ற அந்தப் பெண்ணின் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை.

மருத்துவத்தில் அதற்குப் பதில் இருக்கிறதா? ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது. மீதிப் பேருக்குக் காரணம் தெரியாவிட்டாலும், குழந்தை பிறக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

எத்தனை தடவை நடந்தால் டாக்டரைப் பார்க்கணும்?

உறுதியான கர்ப்பங்களில் சுமார் 15 சதவீதம் கருச்சிதைவில் முடிவதாக 2021-ல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. இரண்டு முறை கருவை இழந்தவர்கள் 1.9 சதவீதம் பெண்கள். மூன்று அல்லது அதற்கு மேல் இழந்தவர்கள் 0.7 சதவீதம்.

ஐரோப்பிய, அமெரிக்க கருவுறுதல் மருத்துவ அமைப்புகள் இரண்டு கருச்சிதைவு நடந்தாலே ‘தொடர் கருச்சிதைவு’ என்று வரையறுக்கின்றன. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு மூன்று என்று சொன்னாலும், தேவைப்பட்டால் இரண்டுக்குப் பிறகே பரிசோதிக்கலாம் என்கிறது. அதனால், ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று காத்திருக்க வேண்டியதில்லை. வயது 35-ஐத் தாண்டியிருந்தால் காத்திருக்கவே கூடாது.

வண்டி ஓட்டினதாலயா? பப்பாளி சாப்பிட்டதாலயா?

இல்லை. முதல் மூன்று மாதங்களில் நடக்கும் கருச்சிதைவுகளில் சுமார் பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்படும் பிழை. கருமுட்டையும் விந்தணுவும் சேரும் கட்டத்திலேயே தற்செயலாக நடந்துவிடுகிற விஷயம் இது. மாடிப்படி ஏறியதோ, வேலைக்குப் போனதோ, ஒரு துண்டு பப்பாளிப் பழம் சாப்பிட்டதோ இதற்குக் காரணம் ஆகாது. ‘ஃபுல் பெட் ரெஸ்ட்’ எடுத்தால் கரு தங்கிவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

பெண்ணின் வயது கூடக்கூட இந்தப் பிழைக்கான வாய்ப்பும் கூடும். புகைபிடித்தல், மது, உடல் பருமன் ஆகியவையும் ஆபத்தை அதிகரிக்கும். இதில் கணவரின் பழக்கங்களுக்கும் பங்கு உண்டு.

என்னென்ன பரிசோதனைகள் தேவை?

1. ரத்தம் உறையும் தன்மை: ‘ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம்’ என்ற பிரச்னை, தொடர் கருச்சிதைவுக்குச் சிகிச்சை உள்ள முக்கியமான காரணம். இதற்கான ரத்தப் பரிசோதனையை குறைந்தது 12 வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை செய்ய வேண்டும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக்கூடாது. உறுதியானால், கர்ப்ப காலத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையும் ஹெப்பாரின் ஊசியும் தரப்படும்.

2. கர்ப்பப்பை ஸ்கேன்: கர்ப்பப்பைக்குள் தடுப்புச்சுவர், கட்டி இருக்கிறதா என்பதை 3டி ஸ்கேனில் பார்க்கலாம். நான்காவது, ஐந்தாவது மாதத்தில் வலியே இல்லாமல் கரு வெளியேறியிருந்தால் கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு அடுத்த கர்ப்பத்தில் தையல் போடுவது உதவும்.

3. தைராய்டு, சர்க்கரை: இரண்டும் எளிய ரத்தப் பரிசோதனைகள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் தைராய்டும் கருவைப் பாதிக்கும். கருத்தரிக்கும் முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும்.

4. கலைந்த கருவின் திசு: பலரும் தவறவிடும் வாய்ப்பு இது. திசுவை ஃபார்மலினில் போட்டுவிட்டால் செல் வளர்த்துச் செய்யும் குரோமோசோம் பரிசோதனைக்குப் பயன்படாது. அதனால் டி அண்ட் சி செய்வதற்கு முன்பே, ‘மரபணு பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா?’ என்று கேட்டுவிட வேண்டும்.

5. கணவன், மனைவி இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை: திசுப் பரிசோதனையில் சந்தேகம் வந்தாலோ, திசு கிடைக்காவிட்டாலோ டாக்டர் இதைப் பரிந்துரைக்கலாம். சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எதற்கெல்லாம் பணத்தைக் கொட்ட வேண்டாம்?

‘டார்ச் டெஸ்ட்’ பல இடங்களில் வழக்கமாக எழுதித் தரப்படுகிறது. ஆனால் தொடர் கருச்சிதைவுக்குக் காரணம் தேட, சர்வதேச வழிகாட்டுதல்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. கணவரின் ரத்த வெள்ளை அணுக்களை மனைவிக்குச் செலுத்தும் சிகிச்சையும் அப்படித்தான்.

ஹெப்பாரின் ஊசியும் எல்லோருக்கும் தேவையில்லை. பரம்பரையாக ரத்தம் உறையும் தன்மை கொண்ட பெண்களிடம் நடந்து, 2023-ல் வெளியான ‘அலைஃப்2’ ஆய்வில், ஊசி போட்டதால் குழந்தைப் பேறு கூடவில்லை.

புரோஜெஸ்டிரான் மருந்து? காரணம் தெரியாத தொடர் கருச்சிதைவு உள்ள எல்லோருக்கும் இதைக் கொடுத்ததில் பலன் இல்லை என்று 2015-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் ஏற்கெனவே கருச்சிதைவு ஆகி, இப்போதைய கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ரத்தக்கசிவும் இருப்பவர்களுக்கு இது உதவலாம் என 2019-ல் வெளியான ஆய்வு சொன்னது. அதன் பிறகு 2021-ல் பிரிட்டன் வழிகாட்டுதலில் இது சேர்க்கப்பட்டது.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்னா?

‘ஒண்ணுமே இல்லைங்கறாங்களே, அப்புறம் ஏன்?’ என்று இங்கேதான் பலர் உடைந்துபோகிறார்கள். உண்மையில் நார்மல் ரிப்போர்ட் நல்ல செய்தி. காரணம் தெரியாதவர்களில் பெரும்பாலானோருக்கு அடுத்தடுத்த முயற்சிகளில் குழந்தை பிறக்கிறது. வயதும், முன்பு நடந்த கருச்சிதைவுகளின் எண்ணிக்கையும்தான் இதைத் தீர்மானிக்கும் முக்கிய விஷயங்கள். அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே ஒரே டாக்டரிடம் ஸ்கேன், ஆலோசனை என்று தொடர் கவனிப்பு இருக்க வேண்டும் என்றும் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

மனசுக்கும் சிகிச்சை வேணும்

ஆரம்பகால கர்ப்ப இழப்பைச் சந்தித்த பெண்களில் 29 சதவீதம் பேருக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகள் இருந்ததாக, 2020-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஒன்பது மாதங்கள் கழித்தும் 18 சதவீதம் பேருக்கு அவை தொடர்ந்தன. ‘இன்னும் அதையே நினைச்சுட்டு இருக்கியா?’ என்று கேட்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். கணவரும் இழப்பைச் சந்தித்தவர்தான். அவர் அழுவதற்கு வீட்டில் இடமே இருப்பதில்லை.

தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வளைகாப்பு அழைப்பு வந்தாலே பதற்றம் என்று இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு...

கருச்சிதைவுக்குப் பிறகு 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 1961-ம் ஆண்டு மகப்பேறு பலன்கள் சட்டத்தின் 9-வது பிரிவு தந்த உரிமை இது. 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. மருத்துவச் சான்று அவசியம். பலர் கேட்கவே தெரியாமல் சொந்த லீவைப் போட்டுவிட்டு, நான்காவது நாளே வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

டாக்டரிடம் போகும்போது...

ஒவ்வொரு கர்ப்பமும் எத்தனையாவது வாரத்தில் நின்றது, இதயத்துடிப்பு வந்திருந்ததா, என்ன மருந்து எடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். கணவரும் கூடவே வரட்டும். டாக்டர் எழுதும் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும், ‘இதுல பாசிட்டிவ் வந்தா சிகிச்சை மாறுமா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

கர்ப்ப காலத்தில் அதிக ரத்தப்போக்கு, கடும் வயிற்று வலி, மயக்கம், காய்ச்சல் இருந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பரிசோதனையில் பதில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் ‘உன்னாலதான்’ என்ற பதில் மட்டும் எந்த ரிப்போர்ட்டிலும் வராது.