பாறசாலை முதல் அம்பூரி வரை: காட்டை ஒட்டிய எல்லை ஊர்கள்

களியக்காவிளையைத் தாண்டினால் இஞ்சிவிளை, அடுத்தது பாறசாலை. நாகர்கோவில் பக்கமிருந்து ரயிலில் போகிறவர்களுக்குக் கேரளத்தின் முதல் நிலையம் இது. பெரும்பாலான பயணிகள் இங்கே இறங்குவதில்லை. நேராகத் திருவனந்தபுரம் போய்விடுகிறார்கள். ஆனால் பாறசாலையிலிருந்து வடகிழக்கே மலையை நோக்கிப் பிரியும் சாலையில் காரக்கோணம், குன்னத்துக்கால், வெள்ளறடை, அம்பூரி என்று விவசாய ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசை நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்தின் விளிம்பில் போய் முடிகிறது. கேரளத்தின் மலையோர நெடுஞ்சாலைக்கும் தென்முனை பாறசாலைதான். இங்கிருந்து காசர்கோடு மாவட்டம் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும்படி திட்டமிடப்பட்ட சாலை அது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த நிலப்பகுதி புதிதல்ல. அம்பூரிக்குப் பின்னால் எழும் மலைத்தொடர்தான் பொதிகை. இங்கிருந்து தெரிவது அதன் மேற்குச் சரிவு. கிழக்கே தாமிரபரணி இறங்குகிறது, மேற்கே நெய்யாறு. நெய்யாறு 56 கிலோமீட்டர் ஓடி, நெய்யாற்றின்கரை நகரைத் தொட்டுக்கொண்டு பூவாரில் கடலில் கலக்கிறது. 1888-ல் நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறம் இந்த ஆற்றின் கரையில் இருக்கிறது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில், மார்த்தாண்ட வர்மா எதிரிகளிடமிருந்து ஒளிந்துகொண்டதாகச் சொல்லப்படும் பலாமரத்தின் எச்சமும் காக்கப்படுகிறது.

1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை வட்டமும் வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. அது கேரளத்தோடு நின்றது. கோடு போட்டவர்கள் ஊர்களின் நடுவேதான் போட்டார்கள். வெள்ளறடையை அடுத்த பனச்சமூட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாலையின் ஒரு பக்கத்துக் கடைகள் கேரளம், எதிர்ப்பக்கத்துக் கடைகள் தமிழ்நாடு. பெயர்ப்பலகைகளில் இரண்டு எழுத்துகளும் கலந்திருக்கும். பேச்சு இரண்டுக்கும் நடுவில் ஓடும். மலையாளத்தில் விலை கேட்டால் தமிழில் பதில் வரும், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது இதுபோன்ற குறுக்குச் சாலைகளில் மண்ணைக் கொட்டி எல்லையை அடைத்தபோதுதான், ஒரே சந்தையை நம்பி இரண்டு மாநில மக்கள் இருப்பது வெளியே தெரிந்தது.

சந்தைக்கு வருவதெல்லாம் சுற்றியுள்ள புரையிடங்களில், அதாவது வீட்டுத் தோட்டங்களில், விளைந்தவை: மரச்சீனிக் கிழங்கு, ஏத்தங்குலை, செவ்வாழை, சேனை, தேங்காய், சக்கை, நல்லமிளகு. ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும் மலஞ்சரக்குக் கடைகள் தனி. இங்கே விவசாயம் என்பது பெரிய தோட்டமல்ல. வீட்டைச் சுற்றி ஓர் ஏக்கரோ இரண்டோ, அதில் ரப்பருக்குக் கொஞ்சம், வாழைக்குக் கொஞ்சம், மிச்ச இடத்தில் கிழங்கு. இந்த வட்டாரத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு பயிர்களுமே தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. மரச்சீனியைப் போர்த்துகீசியர் கொண்டுவந்தார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பஞ்சகாலத்து உணவாக ஊரெங்கும் பரப்பினார். ரப்பர் விதைகள் 1876-ல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குப் போய், அங்கிருந்து இலங்கை வழியாக இந்தப் பக்கம் வந்தன.

ரப்பர் பால்வெட்டைப் பார்க்க வேண்டுமானால் விடியும் முன் எழ வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், தொழிலாளிகள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்தில் இறங்குகிறார்கள். முந்திய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை முதலில் உரித்துக் கூடையில் போடுவார்கள். பிறகு மரத்தின் பாதிச் சுற்றளவுக்குச் சாய்வாக ஓடும் பழைய வெட்டின் மேல் கத்தியை வைத்து, காகிதக் கனத்துக்குப் பட்டையைச் சீவுவார்கள். ஆழம் கொஞ்சம் கூடினால் மரத்தில் காயம் பட்டு அந்த இடம் முடிச்சு விழும். குறைந்தால் பால் வராது. சீவிய கணத்தில் வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, கோடாகச் சேர்ந்து, தகரச் சில்லு வழியே சிரட்டையில் சொட்டத் தொடங்கும். சில மணி நேரம் கழித்து அதை வாளியில் சேர்த்து, தட்டில் ஊற்றி, அமிலம் கலந்து உறைய வைக்கிறார்கள். மறுநாள் உருளை இயந்திரத்தில் கொடுத்துப் பரத்தினால் ஷீட். அது புகைப்புரையில் காய்ந்த பிறகே கடைக்குப் போகும். மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்க்கும் மாசி, பங்குனியில் வெட்டு நின்றுவிடும். அப்போது இளந்தளிரின் காம்பில் தேன் சுரப்பதால், தோட்டங்களில் தேனீப் பெட்டிகள் நிரம்பும். பால் இல்லாத மாதங்களில் பல குடும்பங்களுக்குக் கைகொடுப்பது இந்தத் தேன்தான்.

காடு தொடங்கும் இடத்தில் விவசாயம் கடினமாகிறது. நெய்யாறு அணையும் சரணாலயமும் 1958-ல் உருவானவை. சரணாலயத்தின் பரப்பு 128 சதுர கிலோமீட்டர். வடக்கே பேப்பாறை சரணாலயம், கிழக்கே மலையின் மறுபக்கம் 1988-ல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், தெற்கே 402 சதுர கிலோமீட்டர் கொண்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். இவை எல்லாமே ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் ஒரே காடுதான். 2001-ல் அமைந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் இவற்றைச் சேர்த்து 3,500 சதுர கிலோமீட்டர் வரும். 2016-ல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் அது இடம்பெற்றது. யானை, காட்டெருது, கரடி, மிளா, கருமந்தி, சிங்கவால் குரங்கு, உச்சிப் புல்வெளிகளில் வரையாடு என்று இங்கே வாழ்பவை பல. புலியும் உண்டு, ஆனால் பயணி அதைப் பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

விவசாயியின் கவலை புலி அல்ல, காட்டுப்பன்றி. மரச்சீனி கிழங்கு பிடித்து முற்றும் தறுவாயில் கூட்டமாக வந்து, மூக்கால் மண்ணைக் கிளறி, தின்பதைவிட அதிகமாகப் பாழாக்கிவிட்டுப் போகும். வாழைத்தோட்டத்தில் இளங்கன்றுகளைச் சாய்க்கும். அம்பூரிப் பக்கத்துப் புரையிடங்களில் வரப்பைச் சுற்றிப் பழைய சேலைகள் கட்டியிருப்பதைக் காணலாம். துணியின் அசைவும் நிறமும் பன்றியை மிரட்டும் என்ற நம்பிக்கையில் கட்டுவது. மழையில் நிறம் வெளுத்துப் போன சேலைக்குப் பன்றி பயப்படுவதில்லை. பகலில் குரங்குகள் தேங்காயின் குரும்பையைப் பறித்து எறியும். இதைத் தாங்க முடியாமல் கிழங்கை விட்டுவிட்டு ரப்பர் மட்டும் போதும் என்று முடிவெடுத்தவர்கள் ஏராளம். அப்படிப் போனால் வீட்டுச் சாப்பாட்டுக்கான பயிர் நிலத்திலிருந்து மறைந்துவிடுகிறது. காட்டு விலங்கால் நேரும் பெரிய இழப்பு இதுதான். இழப்பீட்டுக் கணக்கில் வராததும் இதுதான்.

கேரள அரசு 2022 மே மாதத்தில், பயிரை அழிக்கும் பன்றிகளை உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு விதி கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் மட்டும் வனத்துறையினர் சுடலாம். பனச்சமூட்டுச் சாலையைக் குறுக்கே கடக்கும் ஒரு பன்றிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். தமிழ்நாட்டின் ஆறுகாணி, பத்துகாணி விவசாயியும் கேரளத்தின் வெள்ளறடை விவசாயியும் ஒரே பன்றியால் நஷ்டப்படுகிறார்கள். மனு கொடுப்பது மட்டும் வெவ்வேறு அலுவலகத்தில். இரு மாநில வனத்துறைகளும் இந்த எல்லைக்காவது ஒரே நடைமுறையை வகுப்பது அவசியம்.

தண்ணீரிலும் இதே சிக்கல்தான். நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தர வேண்டியது. 2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. வாய்க்கால் வறண்ட பகுதிகளில் நெல்லுக்குப் பதில் ரப்பரும் வாழையும் ஏறிவிட்டன.

அணைக்கட்டின் நீர்ப்பரப்புக்கு அப்பால் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அவர்களுடையது. அம்பூரியின் கும்பிச்சல் கடவில் தோணியில்தான் வெகுகாலம் அக்கரைக்குப் போய்வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் நோயாளிகளும் அதே தோணியில். 1987-ல் தாவர ஆய்வாளர்கள் காட்டுக்குள் நடந்து களைத்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் மட்டும் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டு சோர்வில்லாமல் நடந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா உருவாக்கிய ‘ஜீவனி’ என்ற மருந்துக்கான உரிமத்தை 1995-ல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்குக் கொடுத்து, கிடைத்த பணத்தில் பாதியைக் காணிக்காரர்களுக்குப் பங்கிட முடிவானது. 1997-ல் அதற்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த உலகின் முன்னோடி ஏற்பாடுகளில் ஒன்றாக இது பேசப்படுகிறது. மருந்து பெரிய அளவில் விற்பனையில் நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மலையடிவார வாழ்வின் ஆபத்து விலங்குகளோடு முடிவதில்லை. 2001 நவம்பர் 9-ம் தேதி இரவு அம்பூரியில் மலைச்சரிவு பெயர்ந்து விழுந்து ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். செங்குத்தான சரிவுகளில் வீடும் தோட்டமும் அமைவது பற்றிக் கேரளம் கவலையோடு பேச ஆரம்பித்த நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் 2022-ல் நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்களைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம் அமைக்கும் வரைவு வந்தபோது, அம்பூரி, கள்ளிக்காடு மக்கள் இரண்டு பயங்களுக்கு நடுவே நின்றார்கள். காடு கெட்டால் மலை சரியும். மண்டலம் வந்தால் வீடு கட்டவும் விவசாயம் செய்யவும் தடை வருமோ என்ற அச்சம். எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன.

இங்கே வருகிறவர்கள் இரண்டு நாள் ஒதுக்குவது நல்லது. பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் வெள்ளறடைக்குப் பேருந்து உண்டு. முதல் நாள் சந்தையும் தோட்டங்களும். வெள்ளறடையின் குரிசுமலைக்குத் தவக்காலத்தில் இரு மாநிலத்திலிருந்தும் கூட்டம் ஏறும். காளிமலையில் சித்ரா பௌர்ணமிக்குப் பொங்கல். மறுநாள் கள்ளிக்காடு வழியாக நெய்யாறு அணை: வனத்துறைப் படகு, முதலைப் பண்ணை, 1978-ல் தொடங்கிய சிவானந்த யோக ஆசிரமம். 1980-களில் தொடங்கிய சிங்கப் பூங்கா, சிங்கங்கள் ஒவ்வொன்றாக இறந்தபின் மூடப்பட்டது. பழைய வழிகாட்டிப் புத்தகங்களை நம்பி அதைத் தேடிப் போக வேண்டாம். பக்கத்தில் கோட்டூர் காப்புக்காட்டில் யானை மறுவாழ்வு மையம் இருக்கிறது. காட்டில் தாயைப் பிரிந்த குட்டிகளையும் முதுமையில் தளர்ந்த யானைகளையும் காலையில் குளிப்பாட்டும்போது பார்க்கலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை நடப்பதற்கு ஏற்ற காலம். ஜூனிலும் அக்டோபரிலும் தொடங்கும் இரண்டு மழைகளிலும் மலைச்சாலைகளில் மண் சரியும், அட்டை கடிக்கும். இருட்டிய பிறகு காட்டோரச் சாலைகளில் இருசக்கர வண்டியில் போவது ஆபத்து. பன்றி குறுக்கே பாய்ந்து உயிர் போன விபத்துகள் கேரளத்தில் பல. காணிக்காரர் குடியிருப்புகளுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. அணையிலோ ஆற்றிலோ முதலை இருக்கக்கூடிய இடங்களில் இறங்கிக் குளிக்கவும் கூடாது. இந்த நீர்த்தேக்கத்தில் விடப்பட்ட முதலைகள் கரையோர மக்களைத் தாக்கியதுண்டு.

1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்தில் ஏற விரும்புகிறவர்களுக்கு வழி இந்தப் பக்கமில்லை. விதுரை வழியாகப் போனக்காடு போய், வனத்துறையிடம் முன்பதிவு செய்த அனுமதியோடு, ஆண்டுத் தொடக்கத்துச் சில வாரங்களில் மட்டுமே ஏறலாம். கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரி முதல் பெண்களும் அந்தப் பாதையில் உச்சி வரை செல்கிறார்கள்.