'கேஸ் தீர்ந்துவிட்டது' என்றால் நம்பலாமா?

டில்லியில் மே மாதக் கடைசி வாரம். ஆர்.கே. புரத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் மத்திய சர்க்கார் குமாஸ்தா ஒருவரின் வீடு. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த எழுபத்தைந்து வயதுத் தகப்பனார் ஈரத்துண்டை முதுகில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் சாயங்காலம் அடித்த ஆந்தியில் சமையலறைப் பாத்திரங்களில்கூட மண். ஜன்னல்களைச் சாத்தித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் டில்லி மண் உள்ளே வருவதற்குச் சாவித்துவாரம் போதும்.

வீட்டில் ஒன்றரை டன் ஏ.ஸி. இருக்கிறது. தவணையில் வாங்கியது. ஒரு வாரமாகவே அதன் குளிர்ச்சி குறைந்துகொண்டு வந்தது. அன்றைக்குக் காற்றே வெளிவரவில்லை. பெட்டிக்குள் குழாய்களின்மேல் வெள்ளையாகப் பனி கட்டியிருந்தது. சுவரோரமாகத் தண்ணீர் சொட்டியது.

மெக்கானிக் வந்தார். ஏ.ஸி.யை நிறுத்தச் சொன்னார். வெளியே போகும் குழாயைத் தொட்டுப் பார்த்தார். "கேஸ் கதம் ஹோ கயா, ஸாப்" என்றார். சின்ன சிலிண்டர் ஒன்றை மாட்டினார். ஒரு மணி நேரத்தில் 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அன்றிரவு அறை நன்றாகவே குளிர்ந்தது. மூன்றாம் நாள் மறுபடி பனி, மறுபடி தண்ணீர்.

கீழ்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வேயில் ஏ.ஸி. பெட்டிகளைப் பராமரிக்கும் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகனோடு வசிப்பவர். சொட்டும் தண்ணீரைப் பற்றி விசாரிக்க மேலே வந்தவர், ஏ.ஸி.யின் முன்மூடியைத் தூக்கி, பில்டர் என்கிற வலையை உருவி எடுத்தார். அது வலையாகவே தெரியவில்லை. சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல இருந்தது.

"இதை எப்போ தம்பி கழுவினீங்க?"

"அதைக் கழுவணுமா, சார்?"

டில்லித் தமிழர் வீடுகளில் பாதியிலாவது இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் பொருந்தும். வாங்கும்போது கடைக்காரர் ஸ்டார் கணக்கையும் தவணைக் கணக்கையும் விளக்குகிறார். வலையைக் கழுவும் சங்கதி கூடவே வரும் சின்னப் புத்தகத்தின் உள்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் வாரண்டி அட்டையோடு பீரோவுக்குள் போய்விடுகிறது.

கேஸ் என்பது ஸ்கூட்டருக்குப் போடும் பெட்ரோல்போலத் தீர்ந்துபோகிற சரக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அறைக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி வெளிப்பெட்டிக்குத் தள்ளுகிறது. அங்கே வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகி மறுபடி உள்ளே வருகிறது. செலவாவது மின்சாரம்தான், கேஸ் அல்ல. வீட்டு பிரிட்ஜும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. வருஷா வருஷம் யாராவது பிரிட்ஜுக்குக் கேஸ் போடுகிறார்களா? 1934-ல் பிரண்டியர் மெயிலில் ஐஸ் பாளங்களை வைத்துப் பெட்டியைக் குளிர்வித்தார்கள். அந்த ஐஸ் கரையும். வழியில் மறுபடி நிரப்பியாக வேண்டும். இந்தக் கேஸ் அப்படிக் கரைவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

அப்படியானால் பனி ஏன் கட்டியது? வலை அடைத்துக்கொண்டதால் சுருளின்மேல் போதுமான காற்று போகவில்லை. காற்றின் சூடு கிடைக்காத சுருள் உறைநிலைக்குக் கீழே போய், ஈரத்தைப் பனியாகப் பிடித்துக்கொண்டது. பனி மேலும் காற்றை மறித்தது. மெக்கானிக் நிறுத்தி வைத்த அந்த ஒரு மணி நேரத்தில் பனி உருகிவிட்டது. அதனால்தான் அன்றிரவு குளிர்ந்தது. புண்ணியம் கேஸுக்குப் போய்ச் சேர்ந்தது. கேஸ் குறைந்தாலும் இதேபோலப் பனி கட்டும் என்பது உண்மை. ஆகவே முதலில் வலையைக் கழுவி, கம்ப்ரஸர் ஓடாமல் மின்விசிறியை மட்டும் ஓட்டிப் பனியை உருக்கி, பிறகு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதே முறை. இதற்குச் செலவு ஒரு வாளித் தண்ணீர்.

சென்னையில் இதே பெட்டி மாதக்கணக்கில் தாங்கும். அங்கே கடற்காற்று உண்டு, ஈரம் உண்டு. டில்லியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை மேற்கே ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வரும் 'லூ' என்ற அனல் காற்று மாவுபோன்ற மண்ணைச் சுமந்து வருகிறது. 2018 மே மாத ஆரம்பத்தில் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அடித்த புழுதிப் புயலில் நூறு பேருக்கு மேல் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சாதாரண ஆந்தி உயிரை வாங்குவதில்லை, வலையைத்தான் அடைக்கிறது. போதாததற்கு நகரம் முழுவதும் கட்டட வேலை. நம் வீடுகளில் இன்னொன்றும் சேர்கிறது: தாளிப்புப் புகையும் சாம்பிராணிப் புகையும். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் மண் ஒட்டினால் தட்டினால் போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு அலசி, நிழலில் உலர்த்தித்தான் மாட்ட வேண்டும். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் கழுவுவது இந்த ஊருக்குச் சரி. ஆந்தி அடித்தால் மறுநாள் காலையிலேயே கழுவிவிட வேண்டியதுதான்.

உள்ளே இருப்பது பாதிக் கதை. வெளிப்பெட்டியின் கதை இன்னும் மோசம். 2024 மே 29 அன்று சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி பதிவாயிற்று. அப்படிப்பட்ட காற்றில்தான் வெளிப்பெட்டி அறையின் வெப்பத்தைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருக்கிறது. அதன் முதுகில் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே மண்ணும் புறா இறகும் அடைத்துக்கொண்டால் வெப்பம் போக வழியில்லை. கம்ப்ரஸர் திணறி, கூடுதல் கரண்டை இழுத்து, கடைசியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக நின்றுவிடும். 'ராத்திரி நன்றாக ஓடுகிறது, மத்தியானம் இரண்டு மணிக்கு நின்றுபோகிறது' என்று யாராவது சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது வெளிப்பெட்டியின் முதுகை.

டி.டி.ஏ. பிளாட்டுகளில் இன்னொரு வேடிக்கை. இடம் போதாமல் பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்துவிடுகிறார்கள். வெளிப்பெட்டி உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. தான் விட்ட அனல் மூச்சையே அது திரும்பத் திரும்ப இழுக்கிறது. மேலே துணிக்கொடி வேறு. எந்த மெக்கானிக் வந்தாலும் இதற்கு மருந்து கிடையாது. கண்ணாடியைத் திறந்து வைப்பது ஒன்றே வழி.

வெளிப்பெட்டியைக் கழுவுவதற்கு ரிமோட்டில் நிறுத்தினால் போதாது, எம்.ஸி.பி. சுவிட்சையே இறக்கிவிட வேண்டும். தகடுகளின்மேல் மெதுவாகத் தண்ணீர் விட்டு, அவை போகும் திசையிலேயே மெல்லிய பிரஷ்ஷால் தடவ வேண்டும். கார் கழுவும் வேகத்தில் பீச்சினால் தகடுகள் மடங்கிவிடும். ஒயர் சேரும் பக்கம் தண்ணீர் போகக் கூடாது. எல்லாம் உலர்ந்த பிறகே கரண்ட். பால்கனிக்குள் நின்று கை எட்டினால் வீட்டுக்காரரே செய்யலாம். வெளிச்சுவரில் தொங்கும் பெட்டிக்கு ஜன்னல் வழியாக உடம்பை நீட்டுவது வேண்டாத துணிச்சல். அதற்குக் கயிறு கட்டிக்கொண்டு வேலை செய்யும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும். வரும் ஆளிடம் பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லலாம். 2024 ஆகஸ்டில் கரோல் பாகில் மாடியிலிருந்து ஏ.ஸி.யின் வெளிப்பெட்டி விழுந்து, கீழே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் இறந்துபோனார். தமிழர்கள் தினமும் நடமாடும் பேட்டை அது.

உண்மையாகவே கேஸ் குறைந்திருக்கும் வீடுகளும் உண்டு. திறந்த சாக்கடைக் கால்வாய் ஓரமாக இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். சாக்கடை வாயு செப்புக் குழாயை அரித்து ஊசிமுனை ஓட்டைகள் போட்டுவிடுகிறது. குழாய் இணைப்பில் எண்ணெய்க் கசிவும் அதன்மேல் கறுப்பாக மண்ணும் ஒட்டியிருந்தால் சந்தேகப்படலாம். அப்போது மெக்கானிக்கிடம் கூசாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. அழுத்தமானியை மாட்டிக் காட்டினாரா? சோப்பு நுரை வைத்தாவது கசிவைக் கண்டுபிடித்தாரா? அடைத்த பிறகு பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றினாரா? எந்த ஜாதிக் கேஸ், எத்தனை கிராம் என்பது பெட்டியின்மேல் ஒட்டிய தகட்டிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த அளவுக்குத் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். கைத்திட்டமாகப் போட்டு அளவு கூடிப்போனாலும் கம்ப்ரஸருக்குக் கெடுதல். இப்போது பரவலாக வரும் ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. சில பெட்டிகளில் உள்ள ஆர்-290 சுலபமாகவே பற்றிக்கொள்ளும். குழாயில் கேஸ் இருக்கும்போது பற்றவைப்பு விளக்கைக் கொளுத்தும் ஆளை உடனே நிறுத்தச் சொல்வது வீட்டாரின் உரிமை.

எல்லா மெக்கானிக்குகளையும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வது நியாயமாகாது. மே மாத வெயிலில் ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள். வலையைக் கழுவிக் கொடுத்தால் நூறு ரூபாய்கூடக் கொடுக்க முணுமுணுக்கும் வீட்டுக்காரர், கேஸ் என்றதும் மூவாயிரத்தை எடுத்து நீட்டுகிறார். வழக்கம் அப்படித்தான் வளர்ந்தது. பிப்ரவரியில், ஹோலிக்கு முன்பே கூப்பிட்டால் அதே ஆள் நிதானமாக உட்கார்ந்து வேலை செய்வார்.

மண் படிந்த பெட்டி மின்சாரக் கணக்கிலும் கை வைக்கிறது. ஒன்றரை டன் பெட்டியில் கம்ப்ரஸர் ஓடும்போது மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட் போகிறது. சுத்தமான பெட்டியில் அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் ஓய்வெடுக்கும். அடைத்த பெட்டியில் ஓய்வே இல்லை. 2019 ஆகஸ்டில் டில்லி சர்க்கார் கொண்டுவந்த ஏற்பாட்டில் 200 யூனிட் வரை கட்டணமில்லை, 400 வரை பாதிச் சலுகை. 401 ஆனால் சலுகை முழுவதும் போயிற்று. அந்தக் கோட்டைத் தாண்டவைப்பது பல வீடுகளில் ஜூன் மாத ஏ.ஸி.தான். 2020 ஜனவரி 1 முதல் புதுப் பெட்டிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி மத்திய சர்க்கார் விதி செய்தது. அதை 18-க்கு இறக்குவதால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடாது. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

கூலரையும் ஏ.ஸி.யையும் ஒரே அறையில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கூலர் காற்றில் ஈரத்தைச் சேர்க்கிறது, ஏ.ஸி. அந்த ஈரத்தைப் பிழிந்தெடுக்கப் பாடுபடுகிறது. இரண்டுக்கும் கரண்ட் செலவு. வறண்ட மே மாதத்துக்குக் கூலர், மழை வந்து புழுங்கும் ஜூலைக்கு ஏ.ஸி. என்று பிரித்துக்கொள்கிறவர்களின் பில் குறைவாகவே வருகிறது.

பள்ளி விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்புகிறவர்கள், கதவைத் திறந்ததும் முதலில் ஏ.ஸி. சுவிட்சைத்தான் தட்டுகிறார்கள். பூட்டிய வீட்டில் ஒரு மாத மண் அதற்குள் காத்திருக்கிறது. கால்மணி நேரம் வியர்வையோடு பொறுத்து, வலையைக் கழுவிவிட்டுப் போடுவது நல்லது. தண்ணீர் வடியும் குழாயிலும் இந்த மண் களிம்பாக இறங்கி அடைத்துக்கொள்ளும். சுவரில் ஈரம் தெரிந்தால் அதையும் ஊதிவிட வேண்டும்.

ஆர்.கே. புரத்து வீட்டில் அன்று வலையைக் குளியலறையில் அலசியபோது தண்ணீர் செம்மண் குழம்பாக ஓடியது. வேறொரு மெக்கானிக்கை வரவழைத்து அழுத்தம் பார்த்ததில் கேஸ் அளவுக்கு மேலேயே இருந்தது. கொஞ்சம் எடுக்க வேண்டியதாயிற்று. முதல் மெக்கானிக்குக்குப் போன் செய்தால், மழை வரட்டும், பிறகு வருகிறேன் என்கிறார். 3,000 ரூபாய் திரும்பி வரவில்லை.

கும்பகோணத்துப் பெரியவர் இன்னும் ஊருக்குப் போகவில்லை. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்ததும் அவரே ஸ்டூலைப் போட்டுக்கொள்கிறார். மருமகள் பிடித்துக்கொள்ள, வலை இரண்டையும் உருவி எடுக்கிறார். பத்து மணிக்குப் பால்கனி நிழலில் அவருடைய வேட்டிக்குப் பக்கத்தில் அவை காய்ந்துகொண்டிருக்கின்றன.