புகையிலையும் நம் தேகநலமும்

உடனே கொல்லும் நஞ்சை யாவரும் அஞ்சுவர். பல்லாண்டு கழித்துக் கொல்லும் நஞ்சை அஞ்சுவோர் சிலரே. புகையிலை இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. நாஞ்சில் நாட்டில் விருந்தினர்முன் வைக்கும் வெற்றிலைத் தட்டிலும், வயலில் உழைப்போர் இளைப்பாறும் வேளையிற் பற்றவைக்கும் பீடியிலும் அது நெடுங்காலமாக இடம்பெற்று வந்திருக்கிறது. அதனால் விளையும் தீங்கையும், அதனை விட்டொழிப்பதால் வரும் நன்மையையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

அமெரிக்கக் கண்டத்திற்கு உரிய இச்செடியை இந்தியாவிற் புகுத்தியவர் போர்ச்சுகீசியர். பிற்காலத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிலை கப்பலேறித் திருவிதாங்கூருக்குப் பெருவாரியாக வந்தது. அதன் பயனை நேரிற் கண்டவர் வைத்தியர்களே. அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஆர் என்பார், வாய்ப்புற்று நோயாளிகளை ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 1933ஆம் ஆண்டில் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார். வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலைக்கு அந்நோயில் முக்கியப் பங்கு உண்டென்று அவர் கூறினார். நமக்கு அண்மையில் உள்ளதோர் ஊரிலிருந்து இவ்வெச்சரிக்கை உலகிற்குச் சென்றது என்பதை நாம் மறத்தலாகாது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது 2004இல் உறுதிப்பட்டது.

மெல்லுவோருக்கு வாயில் நேரும் கேட்டினைப் புகைப்போர் நுரையீரல்வரை கொண்டு செல்கின்றனர். புகையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள. அவற்றுள் ஏறத்தாழ எழுபது புற்றுநோயை விளைவிப்பன. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு, இரத்தத்திற் பிராணவாயு இருக்கவேண்டிய இடத்தைக் கவர்ந்துகொள்கிறது. நிகோட்டின் சில விநாடிகளில் மூளையை எட்டி, மனிதனைத் தனக்கு அடிமையாக்குகிறது. இவற்றால் இரத்தக் குழாய்கள் கெட்டு, மாரடைப்பும் பக்கவாதமும் நேர்கின்றன. பீடி இலையாற் சுற்றியதாகலின் தீங்கற்றது என்று எண்ணுவோர் உளர். அஃது எளிதில் அணைந்துவிடுமாதலால் அடிக்கடி ஆழ்ந்து இழுக்க நேரிடுகிறது. எனவே பீடியும் சிகரெட்டுக்குக் குறைந்த நஞ்சன்று. அன்றியும், ஒருவர் விடும் புகையை அவர்தம் மனைவி மக்களும் சுவாசிக்கின்றனர்.

'இத்தனை ஆண்டு பழகியபின் விடுவதால் என்ன பயன்?' என்று முதியோர் வினவுவதுண்டு. இதற்கு விடை இங்கிலாந்தில் 1951இல் தொடங்கிய ஆராய்ச்சியிற் கிடைக்கிறது. டால், ஹில் என்னும் அறிஞர் இருவர், அந்நாட்டு வைத்தியர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்து, அவர்கள் வாழ்நாளைக் கணக்கிடத் தொடங்கினர். ஐம்பதாண்டுக் கணக்கு 2004இல் வெளிவந்தது. இடைவிடாது சிகரெட் புகைத்தோர் புகையாதாரைவிடச் சராசரி 10 ஆண்டு முன்னரே இறந்தனர். 60 வயதில் விட்டோர் ஏறத்தாழ 3 ஆண்டும், 50இல் விட்டோர் 6 ஆண்டும், 40இல் விட்டோர் 9 ஆண்டும் ஆயுள் மீட்டனர். 30 வயதில் விட்டோர் இழந்தது மிகச் சிறிதே. ஆகவே காலம் கடந்தது என்று சொல்லுதற்கு இடமில்லை. ஆயினும் முந்தினார்க்கே பயன் மிகுதி.

விட்ட நாள்முதலே தேகம் தன்னைச் சீர்ப்படுத்தத் தொடங்குகிறது. இருபது நிமிடத்தில் நாடித்துடிப்புத் தணிகிறது. ஒருசில நாளில் இரத்தத்திலுள்ள நச்சுவாயு நீங்குகிறது. சில வாரங்களில் இருமலும் மூச்சிரைப்பும் குறையத் தொடங்குகின்றன. ஓராண்டில் இருதய நோயின் அபாயம், தொடர்ந்து புகைப்போர்க்குள்ளதிற் பாதியாகிறது. பத்தாண்டில் நுரையீரற் புற்றால் இறக்கும் அபாயமும் அவ்வாறே பாதியாகிறது.

விடுதல் எளிதன்று. முதல் மூன்று நாள்களிற் சினமும் தலைவலியும் உறக்கமின்மையும் வருத்தும். சில வாரங்களில் அவை தணியும். ஆசை எழும்போதெல்லாம் ஐந்து நிமிடம் பொறுத்து, தண்ணீர் பருகி, வேறொரு வேலையிற் கருத்தைச் செலுத்துக; அலை போல அது தானே அடங்கும். ஒருமுறை தவறியோர் மனந்தளராது மீண்டும் முயல்க; பலர் பலமுறை முயன்றே வென்றிருக்கின்றனர். துணை வேண்டுவோர் வைத்தியரை நாடலாம்; 1800-11-2356 என்னும் எண்ணில் அரசாங்கத்தின் இலவசத் தொலைபேசி உதவியும் உண்டு.

மாணவ நண்பர்களே, இப்பழக்கம் பெரும்பாலும் தொடங்குவது இளமையிலே, தோழர் நீட்டும் ஒற்றைச் சிகரெட்டிலே. அதனை மறுத்தற்கு ஒரு கணத்துணிவு போதும். பின்னர் விடுதற்கோ பல மாத உறுதி வேண்டும். தொடங்காதோர் தொடங்காதிருப்பாராக, தொடங்கியோர் இன்றே விடுவாராக. வீட்டிலுள்ள பெரியோர்க்கும் இதனை அன்போடும் வணக்கத்தோடும் எடுத்துரைப்பது கற்ற நமது கடமையாகும்.