மங்கிய விளக்கும் வெடித்த தோலும்

நம் கிராமச் சாலைகள் பலவற்றில் இரவில் வெளிச்சம் குறைவு. நடந்து செல்வோரும் மாட்டுவண்டி ஓட்டுவோரும், எதிரே வரும் வாகனத்தின் முகப்பு விளக்கை நம்பியே பத்திரமாக வீடு சேர வேண்டியுள்ளது. அவ்விளக்கு மங்கினால் தீங்கு வண்டிக்காரருக்கு மட்டுமன்று. ஆதலின், பழைய வண்டியின் விளக்கையும் தோல் இருக்கையையும் குறைந்த செலவில் சீர்செய்யும் முறையை இங்கே விளக்குவோம்.

முதலில் விளக்கின் மூடி கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்று அறிதல் வேண்டும். பழைய ஜீப்பிலும், 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர் காரின் பழைய வண்டிகளிலும் இருப்பது கண்ணாடி மூடி. கண்ணாடி வெயிலால் மஞ்சளாவதில்லை; அதற்குச் சோப்பு நீரே போதும். கழுவிய பின்னும் ஒளி மங்கலாயின், உள்ளிருக்கும் பிரதிபலிப்பான் கறுத்திருக்கலாம். அல்லது மின்கம்பியின் இணைப்பில் துரு ஏறியிருக்கலாம். பிரதிபலிப்பானின் பூச்சு மிக மெல்லியது. துணியால் அழுத்தித் துடைத்தால் உரிந்துவிடும். கறுத்ததை மாற்றிவிடுவதே நலம்.

பிற்கால வண்டிகளின் மூடி பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன்மேல் உள்ள காப்புப் பூச்சு, வெயிலின் புற ஊதாக் கதிர்களால் நாளடைவில் சிதைகிறது. பிறகு பிளாஸ்டிக்கே மஞ்சள் பாய்ந்து ஒளியைத் தடுக்கிறது. இதனைப் போக்க, மூடியைக் கழுவி, சுற்றிலுமுள்ள வண்ணப் பகுதியை ஒட்டுத்தாளால் மறைக்க வேண்டும். பின்னர் 800, 1500, 2000, 3000 எண் உப்புத்தாள்களை நீரில் நனைத்து, அந்த வரிசையிலேயே சீராகத் தேய்க்க வேண்டும். முந்திய தாளின் கீறல்கள் மறைந்த பின்னரே அடுத்த தாளை எடுக்கலாம். இறுதியில் மெருகுப் பசையால் துலக்குக.

பலர் இவ்வளவோடு நிறுத்திவிடுகின்றனர். அது பாதி வேலையே. பழைய காப்பைத் தேய்த்து நீக்கிய நாம் புதுக் காப்பைப் பூச வேண்டாமா? புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிவான பூச்சைத் தூசியில்லாத இடத்தில் பூசாவிடில், சில மாதங்களில் மூடி மீண்டும் மங்கிவிடும். பற்பசையால் தேய்ப்பதன் பலனும் இத்தகைய அற்ப ஆயுளே. பெட்ரோல், தின்னர் ஆகியவற்றைத் தொடவே கூடாது; அவை பிளாஸ்டிக்கில் வெடிப்பை உண்டாக்கும். ஒளி போதவில்லையென்று 60/55 வாட் பல்புக்குப் பதிலாக 100 வாட் பல்பைப் பொருத்துவதும் தவறு. அது கம்பியைச் சூடாக்கும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

இனி இருக்கையைக் காண்போம். அடிப்புறம் நார்நாராக இருந்தால் அது தோல். துணி நெசவு தெரிந்தால் ரெக்ஸின். தோல் வெயிலில் உலர்ந்து வளையுந்தன்மை இழக்கும். வியர்வையின் உப்பும் தூசியும் மடிப்புகளில் தங்கி அதனை அரிக்கும். மென்மையான தூரிகையில் சிறிது இளஞ்சோப்பு நுரையை எடுத்துத் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் உலர்த்துக. நீரைக் கொட்டிக் கழுவுதலும், மண்ணெண்ணெய், சலவைச் சோடா ஆகியவற்றை உபயோகித்தலும் தோலைக் கெடுக்கும். உலர்ந்த பின், தோலுக்கென விற்கும் பதக்குழம்பை மெல்லியதாகத் தடவ வேண்டும். தேங்காயெண்ணெய் தடவும் வழக்கம் சிலரிடம் உண்டு. மேற்பூச்சுள்ள தோலில் அது உள்ளே இறங்காது. பிசுபிசுத்துத் தூசியையே சேர்க்கும். வெடித்துவிட்ட தோலை எந்தக் குழம்பும் ஒட்டவைக்காது. அதற்கு இருக்கை தைக்கும் தொழிலாளியின் கை வேண்டும்.

விளக்காயினும் தோலாயினும் அழுக்கை நீக்குவது முதற்படி. காப்பைத் திரும்ப அளிப்பதே முடிவு. வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஒரு கூரை போடுவது இவ்விரண்டையும் காக்கும் மலிவான வழி. ஊராட்சி வண்டி இருக்குமிடத்தில், மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் ஒரு நாளை இப்பணிக்கு ஒதுக்கலாம். அன்று மாலையே வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஒளி நேராகவும் தாழ்வாகவும் விழுகிறதா என்று பார்த்துவிடுவோமாக. இருளில் நடந்து வரும் நம் ஊராருக்கு அதுவே பாதுகாப்பு.