ஆட்டுக்குட்டிக் குல்லாவும் ஆறாம் வாய்ப்பாடும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பாளையம்பட்டிப் பிள்ளைகளில் பாதிப் பேர் தலையில் துண்டோடுதான் பள்ளிக்கு வருவார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் குளிர் என்றால் அது ஊட்டிக் குளிர் அன்று. விடியற்காலைப் பனியும் காதில் ஏறும் காற்றும்தான். பிரார்த்தனைக் கூட்டம் முடிவதற்குள் வெயில் வந்துவிடும், துண்டும் அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த துண்டு எங்காவது தொலையும். இந்தச் சின்னத் தொல்லையிலிருந்துதான் எங்கள் வகுப்பின் குல்லா வேலை தொடங்கியது.

கடையில் விற்கும் உல்லன் குல்லா இங்கே அரை மணி நேரத்தில் வேர்க்கும். ஊரில் இருப்பது பருத்தி நூல். தறி ஓடும் வீடுகளில் மிச்ச நூலுக்குப் பஞ்சமில்லை. எனவே பருத்தி நூலில், ஒரே ஒரு கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா முறையில், ஒரு ஆட்டுக்குட்டிக் குல்லா செய்வது என்று முடிவு செய்தோம். ஆடு என்று முடிவு செய்தவர்கள் பிள்ளைகள். வேம்பூர் ஆடு நம் விருதுநகர், தூத்துக்குடிப் பகுதிக்கே உரியது. வெள்ளை உடலில் செம்பழுப்புப் பொட்டுகள் இருப்பதால் பொட்டு ஆடு என்றும் சொல்வார்கள். அதன் காது தொங்கும் காது. குல்லாவில் அதைத் தைத்தால் பிள்ளையின் காதையும் சேர்த்து மூடும். அந்த ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, முடிதான் உண்டு என்பதையும் ஒரு மாணவனே சொன்னான். கம்பளி இல்லாத ஆட்டுக்குக் கம்பளி இல்லாத குல்லா!

நூலும் ஊசியும்

தறிக்குப் போகும் நூல் மிக மெல்லியது. அதை அப்படியே பின்ன முடியாது. 2/20 நூலில் ஆறு இழைகளைச் சேர்த்து ஒரு பந்தாகச் சுற்றிக்கொண்டால் 3.5 மி.மீ. ஊசிக்குச் சரியாக இருக்கும்.

நூலின் நம்பரே ஒரு கணக்குப் பாடம். 840 கெஜம் நீளம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுதான் நூலின் நம்பர். நம்பர் கூடக்கூட நூல் மெலியும். 2/20 என்பது 20-ம் நம்பர் நூல் இரண்டை முறுக்கியது. எனவே அது 10-ம் நம்பர் நூலின் தடிமனுக்கு வரும். ஒரு கிராமில் ஏறத்தாழ 17 மீட்டர். ஆறு இழை சேர்த்தால் கிராமுக்கு 2.8 மீட்டர். பெற்றோர் அன்றாடம் வாயில் வழங்கும் எண்ணுக்கு இதுதான் பொருள் என்று தெரிந்த அன்று வகுப்பில் வந்த உற்சாகம் தனி.

பின்னும் முறை

ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டி, இரண்டு சங்கிலி எடுக்க வேண்டும். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலிக்குள்ளேயே ஆறு கண்ணி பின்ன வேண்டும். ஒரு கண்ணி என்பது இது: ஊசியை உள்ளே விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் இருக்கும், மறுபடி நூலைக் கொக்கியில் மாட்டி, இரண்டு வளையத்தின் வழியாகவும் ஒன்றாக இழுக்க வேண்டும். இதைக் கடைகளிலும் வகுப்புகளிலும் ‘சிங்கிள்’ என்பார்கள்.

முதல் சுற்று 6 கண்ணி. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பின்னினால் 12. மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு பின்னினால் 18. நான்காம் சுற்றில் இரண்டு கண்ணிக்கு அடுத்ததில் இரண்டு, ஆக 24. இப்படியே போனால் எந்தச் சுற்றிலும் கண்ணிகளின் எண்ணிக்கை சுற்று எண்ணின் ஆறு மடங்கு. சுற்று தொடங்கும் இடத்தில் வேறு நிற நூல் ஒன்றைச் செருகி வைத்துக்கொண்டால் எண்ணிக்கை தவறாது.

16-ம் சுற்றில் 96 கண்ணி இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு கண்ணி என்று வந்தால் சுற்றளவு 48 செ.மீ. ஐந்தாறு வயதுப் பிள்ளையின் தலைச் சுற்றளவு சுமார் 51 செ.மீ. குல்லா தலையைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாக இருந்தால்தான் இழுபட்டு நிற்கும். எனவே இங்கே கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். இனி ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கண்ணியாக, 96 மாறாமல் 22 சுற்று பின்னினால் தட்டு மெல்ல வளைந்து குல்லாவாகும். ஒவ்வொருவர் கையின் இறுக்கமும் வேறு. ஆகவே பிள்ளை தன் பின்னலில் 5 செ.மீ.க்கு எத்தனை கண்ணி இருக்கிறது என்று அளந்து, தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

காதுக்கு 9 சங்கிலி எடுத்து, இரண்டாவது சங்கிலியிலிருந்து 8 கண்ணி. திருப்பித் திருப்பி 12 வரிசை பின்னி, பிறகு ஒவ்வொரு வரிசையிலும் இரு ஓரத்திலும் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்து 6, 4, 2 என்று குறைத்தால் நுனி கூராகும். மேல் விளிம்பை மடித்து, கூட்டல் நிறுத்திய இடத்திலிருந்து ஆறு சுற்று கீழே இரு பக்கமும் தைக்கலாம். பொட்டுக்குப் பழுப்பு நூலில் நான்கு சுற்று வட்டம் போதும். கண்களைக் கறுப்பு நூலால் தைப்பதே நல்லது. சின்னப் பிள்ளைகளின் குல்லாவில் பொத்தான் வைத்தால் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள். கழுத்தில் கட்டும் நாடாவும் வேண்டாம்.

ஏன் ஆறு?

கூட்டும் அளவு ஏன் ஐந்தாகவோ எட்டாகவோ இருக்கக் கூடாது? விடையை நான் சொல்லவில்லை. மூன்று குழுக்களாகப் பிரித்து ஒரு குழுவைச் சுற்றுக்கு நான்கும், ஒரு குழுவை ஆறும், ஒரு குழுவைப் பத்தும் கூட்டச் சொன்னேன். நான்கு கூட்டியது கிண்ணம் போலக் குவிந்தது. ஆறு தட்டையாகப் படுத்தது. பத்து சேவல் கொண்டை போல நெளிந்தது.

காரணம் எளிது. ஒவ்வொரு சுற்றும் வட்டத்தின் ஆரத்தை ஒரு கண்ணி உயரம் கூட்டுகிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு 2π, அதாவது ஏறத்தாழ 6.28 கூட வேண்டும். இந்தக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் சுற்றுக்கு ஆறு கண்ணி தேவைப்படுகிறது. இரு மடங்கு உயரமுள்ள ‘டபுள்’ கண்ணியில் பின்னினால் பன்னிரண்டு கூட்ட வேண்டும். π என்பது பாடப் புத்தகத்தில் மட்டும் இருப்பதன்று என்று காட்ட இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியவில்லை.

நெளிந்து போனதையும் தூக்கி எறிய வேண்டாம். 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதவியலாளர், கண்ணிகளை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போய், காகிதத்தில் காட்டக் கடினமான அதிபரவளையத் தளத்தைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். நம் பிள்ளைகள் ‘தப்பாகப் போச்சு’ என்று சொன்ன அந்தக் கொண்டை அதன் தூரத்து உறவு.

பத்தாம் வகுப்புக்கும் இதில் வேலை உண்டு. 6, 12, 18 … 96 என்பது ஒரு கூட்டுத் தொடர்வரிசை. கூடுதல் 816. அதனுடன் 22 × 96 = 2,112 சேர்த்தால் 2,928. காது ஒன்றுக்கு 108 கண்ணி. இரண்டு காதும் சேர்த்து மொத்தம் 3,144. பத்துக் கண்ணிகளை அவிழ்த்து நூலை அளந்து 30 செ.மீ. வந்தால், பொட்டு நீங்கலாகக் குல்லாவுக்கு ஏறத்தாழ 94 மீட்டர், அதாவது 34 கிராம் நூல் வேண்டும். வீணாவதற்கும் சேர்த்து 50 கிராம் வைத்துக்கொள்ளலாம்.

பாட்டியின் கேள்வி

இரண்டாம் வாரத்தில் ஒரு மாணவியின் பாட்டி வகுப்பு வாசலில் வந்து நின்றார். “டீச்சர், நான் சின்ன வயசுல தீப்பெட்டி ஒட்டிப் பொழச்சவ. எம் பேத்தியாவது எழுத்துப் படிக்கட்டும்னுதான் அனுப்புறேன். இங்கயும் கைவேலைதானா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிள்ளைகளின் கை சோற்றுக்காக உழைத்த கதை நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டு. கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்த ஆதாரக் கல்வித் திட்டம் 1937-இல் வார்தாவில் உருவானபோதே, பள்ளி பட்டறையாகிவிடுமோ என்ற ஐயம் எழுந்தது. ஆந்திராவின் நரசாப்பூரில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட நூலும், ‘ஓய்வு நேர வேலை’ என்ற பெயரிலேயே அவர்களின் உழைப்பு மலிவாக்கப்பட்டதைக் காட்டியது. பாட்டியின் கேள்வி நியாயமானது.

அவரை உள்ளே அழைத்து பெஞ்சில் உட்கார வைத்தேன். ஆறாம் வாய்ப்பாடு கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் அந்தப் பேத்தி, அப்போது ஒன்பதாம் சுற்றில் இருந்தாள். எண்ணிப் பார்த்துவிட்டு, “53-தான் இருக்கு. ஒன்பதாறு 54 இருக்கணும். எங்கயோ ஒரு இடத்துல கூட்டாம விட்டுட்டேன்” என்று தானாகவே சொல்லி, அந்தச் சுற்றை அவிழ்த்தாள். நோட்டில் சிவப்பு மையால் நான் அடித்த தப்புகளுக்கு அழுத பிள்ளை, இங்கே அழவில்லை. நூலை இழுத்தால் தப்பு போய்விடுகிறது. நூல் அப்படியே இருக்கிறது. பாட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “கணக்குக்குத்தான்னா சரி டீச்சர். வீட்டுக்குக் குடுத்து விட்றாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதையே வகுப்பின் விதியாக்கினோம். பின்னல் வீட்டுப்பாடமாகப் போகாது. வாரம் ஒரு பாடவேளைக்கு மேல் இல்லை. குல்லா விற்பனைக்கில்லை. எண்ணாமல், அளக்காமல், காரணம் கேட்காமல் யாரும் பின்னுவதில்லை. ஒரு குல்லாவை நான்கு பேர் மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். அடுத்தவர் கைக்குப் போகும்முன் எண்ணிச் சரிபார்த்து எழுதிவைக்க வேண்டும். 2016 ஜனவரியில் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்ததும் பலர் பின்னிய சிறு துண்டுகளை இணைத்துத்தான்.

“இது பொம்பளப் பிள்ளைங்க வேலை” என்று விலகிய பையன்களிடம் வாதம் செய்யவில்லை. “உங்க ஊர்த் தறியில யாரு உட்கார்ந்திருக்கா?” என்று மட்டும் கேட்டேன். மறுவாரம் அவர்களும் ஊசி எடுத்தார்கள்.

தொடங்க விரும்பும் ஆசிரியர்கள் முதலில் தாமே ஒரு வட்டத்தை ஐந்து சுற்று பின்னிப் பார்த்துவிடுங்கள். கை பழகப் பிள்ளைகளுக்கு மூன்று வாரம் கொடுங்கள். தொடக்க வகுப்புகளுக்கு நான்கு சுற்றுப் பொட்டு போதும், குல்லா வேண்டாம். இடக்கைப் பிள்ளைகளை எதிரில் உட்கார வைத்துக் காட்டினால் கண்ணாடி பார்ப்பதுபோலப் பின்னுவார்கள்.

எங்கள் வகுப்பில் அந்த ஆண்டு முடிந்தது மூன்றே குல்லாக்கள். மூன்றும் பக்கத்து அங்கன்வாடிக்குப் போயின. ஒன்றில் ஒரு காது நீளம், ஒரு காது குட்டை. அதைப் போட்டுக்கொண்ட குழந்தை அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னிய நான்கு பேரும் மட்டும் எந்த வரிசையில் எண்ணிக்கை தவறியது என்று இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.