உங்களுக்குத் தெரியுமா? – ஸ்ரீபெரும்புதூரில் ஒலித்த ஸ்பெயின் கிட்டார்

பஸ்ஸில் ஒருவர் போன் அடித்தால் பக்கத்தில் நாலு பேர் தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார்களே, அந்த நோக்கியா ட்யூன் செல்போனுக்காகப் போட்ட மெட்டே இல்லை! ஸ்பெயின் கிட்டார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரெகா 1902-இல் அமைத்த ‘கிரான் வால்ஸ்’ இசையின் நடுவே வரும் சின்னத் துணுக்கு அது. மொத்தமே 13 ஸ்வரம். தாரெகா 1909-இல் காலமானார். மெட்டு ரிங்டோன் ஆனது 1994-இல். பாவம், டெலிபோனே அபூர்வமாக இருந்த காலத்து மனிதர்!

அந்த மெட்டோடு போன்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பிய ஊர்களில் ஒன்று நம்ம ஸ்ரீபெரும்புதூர். 1017-இல் ராமானுஜர் அவதரித்த தலம், பழம்பெயர் பூதபுரி. இங்கே 2006-இல் திறந்த நோக்கியா ஆலை, அந்த நிறுவனத்தின் பெரிய ஆலைகளில் ஒன்றாக வளர்ந்து, 2014 நவம்பரில் மூடப்பட்டது. பிறகு அந்த இடத்தை வாங்கியது சால்காம்ப். சார்ஜர் செய்யும் அந்த நிறுவனமும் நோக்கியா மாதிரியே பின்லாந்தில் பிறந்ததுதான்.

பரணில் பழைய நோக்கியா கிடந்தால் பேட்டரியைக் கழற்றி உள்ளே ஸ்டிக்கரைப் பாருங்கள். ‘மேட் இன் இந்தியா’ என்றிருந்தால் அது அநேகமாக ஸ்ரீபெரும்புதூர் சரக்கு.