புகை சுழற்றும் சக்கரம்

சிக்னலில் பச்சை விழுந்ததும் பழைய டீசல் லாரி கிளம்புவதைப் பின்னாலிருந்து பார்த்திருப்பீர்கள். குப்பென்று கரும்புகை கிளம்பும். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் டீசல் உள்ளே பாய்ந்துவிடுகிறது. அதை முழுசாக எரிக்கும் அளவுக்குக் காற்று வந்து சேரவில்லை. அரைகுறையாக எரிந்த கரிதான் அந்தக் கறுப்பு.

காற்றைத் திணித்துக் கொடுக்கும் கருவிதான் டர்போ. வெளியேறும் புகையைக் கொண்டே காற்றை அழுத்தலாம் என்ற யோசனைக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905-லேயே காப்புரிமை கோரினார். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வீணாய்ப் போகிறது. அந்தப் புகை வரும் வழியில் ஒரு சின்னச் சக்கரம். அதே தண்டின் மறுமுனையில் இன்னொன்று. புகை முதல் சக்கரத்தைச் சுழற்ற, இரண்டாவது வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். பெட்ரோல் காரில் முதல் சக்கரத்தைத் தாக்கும் புகையின் சூடு 1,000 டிகிரி செல்சியஸை எட்டும். என்னைக் கேட்டால், காரிலேயே மிகக் கடுமையாக உழைக்கும் உறுப்பு இதுதான். இதன் தயவால் சின்ன என்ஜினே பெரிய என்ஜினின் இழுவையைத் தருகிறது, எரிபொருள் மிச்சமாகிறது.

ஒரு குறை உண்டு. என்ஜின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு. சக்கரம் சோம்பிக் கிடக்கும். மிதித்த பிறகு அது வேகம் பிடிக்கும்வரை ‘பிக்கப்’ இருக்காது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் மின்சாரம் வந்தது. 2016-ல் ஆடி எஸ்க்யூ7 டீசல் காரில் 48 வோல்ட்டில் இயங்கும் மின்விசை அழுத்தியைப் பொருத்தினார்கள். புகைக்காகக் காத்திருக்காமல், கால் நொடிக்குள் நிமிடத்துக்கு 70,000 சுற்று என்ற வேகத்தைப் பிடிக்கும் அது. பின்னர் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி, சுமார் 4 சென்டிமீட்டர் தடிமனுள்ள மோட்டாரை டர்போவின் தண்டிலேயே, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் வைத்துவிட்டது. மிதித்த கணமே காற்று தயார்.

உங்கள் காரில் டர்போ இருந்தால் ஒன்று செய்யுங்கள். நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டிவிட்டு நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு நிமிடம் என்ஜின் சும்மா ஓடட்டும். உடனே அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, கொதிக்கும் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் கருகிப் படியும்.